சுண்ணாம்புக் கம்பம்

சிங்கப்பூரிலே சிரங்கூன் சாலையைச் சார்ந்த பகுதியை இன்று எல்லோரும் லிட்டில் இந்தியா என்கின்றனர். அது சுற்றுலாக்காரருக்காகப் பிற்காலத்தில் எழுந்த பெயர். நம் முன்னோர் அவ்விடத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்றே வழங்கினர். கம்பம் என்பது மலாய் மொழியின் கம்போங், அதாவது சிற்றூர், விளக்குக் கம்பமன்று. தோட்டத்து அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. பட்டணத்து இளைஞர் பொருட்டே எழுதினோம்.

ரோச்சோர் ஆற்றை அடுத்த தாழ்ந்த நிலம் அது. மழை பெய்தால் நீர் தேங்கும்; களிமண் மிகுதி; புல்லுக்குக் குறைவில்லை. மாளிகை கட்ட விரும்புவோர் ஒதுக்கிய இத்தகைய நிலமே தொழிலாளிக்குப் பயன்பட்டது. களிமண் செங்கல்லாயிற்று, நீரும் புல்லும் எருமைகளை வரவழைத்தன. மலாய்க்காரர் அவ்விடத்தைக் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம் என்றனர். சீனர் மூங்கிற் புதரைக் கண்டு மூங்கிலடி என்னும் பொருளில் இட்ட பெயரே தேக்கா ஆயிற்று. தமிழர் கண்டது சுண்ணாம்பு. அவரவர் கண்ணில் பட்டதும் கையில் ஒட்டியதும் பெயராயின போலும்! மாட்டு வியாபாரத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய பெலிலியோஸ் என்பார் கல்கத்தாவில் பிறந்த யூதர். அவர் பெயரால் இன்றும் அங்கே ஒரு சாலை உண்டு. 1843-இல் பக்கத்திலேயே குதிரைப் பந்தயத் திடல் அமைந்தது. 1933-இல் அது புக்கித் தீமாவுக்குப் போயிற்று. சதுப்பு நிலம் தூர்க்கப்பட்டபின் எருமைகளும் போயின.

சுண்ணாம்பை இன்று கடையில் வாங்கும் பொருளாகவே அறிவோம். அக்காலத்தில் அது ஓர் அருந்தொழில். கிளிஞ்சற் சுண்ணாம்புடன் முட்டையின் வெள்ளைக் கருவும் நாட்டுச் சர்க்கரையும் கூட்டிப் பிசைந்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் கலக்கிச் சுவரில் பூசுவர். உலர்ந்தபின் கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். சென்னைச் சுண்ணாம்பு என்று பெயர் பெற்ற இச்சாந்துதான் 1856 முதல் 1861 வரை எழுந்த செயிண்ட் ஆண்ட்ரூ தேவாலயத்தின் சுவர்களில் பூசப்பட்டது. கட்டியவர் யார்? விலங்குடன் கொணரப்பட்ட இந்தியக் கைதிகள்.

நம்மவருட் பலர் இவ்விடத்தில் பேச்சை மாற்றுவர். 1819-இல் இராபிள்சுடன் வந்து செங்கற்சூளை நடத்திய நாராயண பிள்ளையைப் பெருமையோடு கூறுவர். கூறட்டும், அது மெய்யே. ஆயின் 1825 முதல் பெங்கூலனிலிருந்தும், பின்னர் சென்னை, கல்கத்தா, பம்பாய்ப் பகுதிகளிலிருந்தும் வந்த கைதிகளைச் சொல்ல நாணுவதேன்? சிரங்கூன் சாலையில் 1858-இல் தொடங்கிய அரசாங்கச் சூளையில் மண் மிதித்தவர்கள் அவர்கள். நகரத்தின் சாலைகளிலும் பாலங்களிலும் அவர்கள் வியர்வை கலந்துள்ளது. 1873-இல் கைதிச் சிறை கலைக்கப்பட்டு, தண்டனை முடியாதவர் அந்தமானுக்கு அனுப்பப்பட்டனர். விடுதலை பெற்றோர் பலர் இங்கேயே தங்கினர். அவர்களை விலக்கிவிட்டு எழுதும் சரித்திரம் பாதிச் சரித்திரமே என்பது நம் கருத்து.

இனி மக்கட்டொகை. 1824-இல் சிங்கப்பூரில் எண்ணப்பட்டோர் 10,683 பேர். அவருள் இந்தியர் 756. 1849-இல் இந்தியர் 6,284, 1860-இல் 12,973. தோட்டத்தில் செக்ரோல் எழுதும் கிராணிகளாகிய நமக்குத் தொகைகள் புதியனவல்ல. ஆள் எண்ணிக்கை ஏறும், ஆளின் கதை ஏறாது. இத்தொகைகளுள் ஆடவரே மிகப் பெரும்பான்மை. மனைவியை ஊரிலே விட்டு வந்தவனுக்குக் கம்பம் பிழைக்கும் இடமேயன்றிக் குடும்பம் நடத்தும் இடமாகவில்லை. வீரமாகாளியம்மன் கோயிலைச் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்று சொல்லி அங்கே கூடியவர்கள் இத்தகைய தனியாட்களே மிகுதி. பெண்கள் வரத்தொடங்கியது மெல்ல மெல்லத்தான். எருமைத் தொழுவத்தின் பெயர் தாங்கிய மருத்துவமனை 1924-இல் பிரசவ மருத்துவமனையாக மாற்றப்பட்டது. 1966-ஆம் ஆண்டில் அங்கே பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 40,000. சிங்கப்பூரில் அவ்வாண்டு பிறந்தோருட் பெரும்பாலோர் அவர்களே.

கிளைவுக்கும் ஹேஸ்டிங்சுக்கும் அப்பகுதியில் தெருக்கள் உள. சுண்ணாம்புக் கம்பம் என்று தமிழில் ஒரு தெருப் பலகையும் இல்லை. ஆனால் சிறிது தள்ளி நடந்தால் கம்போங் கப்போர் என்றொரு சாலை வரும். மலாய் மொழியில் கப்போர் என்றால் சுண்ணாம்பு.