பல் புளோரோசிஸ்: தருமபுரி மாவட்டம்

பல் உருவாகும் வயதில் குழந்தையின் உடலுக்குள் புளோரைடு அளவுக்கு மீறிப் போவதால் எனாமலில் ஏற்படும் நிலையான குறைபாடு பல் புளோரோசிஸ். பல் முளைத்த பிறகு தொற்றிக்கொள்ளும் நோய் அல்ல இது. ஈறுக்குள் இருக்கும்போதே பல் பழுதாகிவிடுகிறது. வெளியே வரும்போதுதான் அது கண்ணில் படுகிறது. தமிழ்நாட்டில் இந்நோயால் நெடுங்காலமாக அவதிப்படும் பகுதிகளில் தருமபுரி மாவட்டம் முதன்மையானது. 2004 வரை இதே மாவட்டத்தில் இருந்த கிருஷ்ணகிரிக்கும் அதே நிலைதான். சேலம், வேலூர், திண்டுக்கல் பக்கங்களிலும் இது காணப்படுகிறது.

இங்குள்ள பல் மருத்துவர் ஒரு குழந்தையின் வாயைத் திறந்து பார்க்கும்போது, அந்த ஊர்த் தண்ணீரையும் சேர்த்தே பரிசோதிக்கிறார். நோயைக் கண்டறிவது பல் மருத்துவரின் வேலை. அதைத் தடுப்பது குடிநீர் வாரியத்தின் வேலை. இரண்டும் தனித்தனியே நடந்தால் எதுவும் குணமாகாது.

தண்ணீரும் பாறையும்

மாவட்டத்தின் பெரும்பகுதி மிகப் பழமையான கடினப் பாறையின் மேல் அமைந்துள்ளது. சார்னோகைட், நைஸ், கிரானைட் வகைப் பாறைகளே அதிகம். அவற்றில் உள்ள அபடைட், பயோடைட், ஹார்ன்பிளெண்டு போன்ற கனிமங்களில் புளோரைடு அடங்கியிருக்கிறது. பாறை வெடிப்புகளில் நீர் நெடுநாள் தங்கும்போது அது கரைந்து நீரில் சேர்கிறது. நீரில் கால்சியம் குறைந்து, பைகார்பனேட்டும் காரத்தன்மையும் கூடியிருந்தால் இன்னும் எளிதாகக் கரையும். மழை குறைந்த பகுதியில் திறந்த கிணறுகள் வற்றி ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபோது, மக்கள் குடித்த நீரும் பாறையோடு அதிக காலம் கிடந்த நீராக மாறியது. போர் போட்டால் தண்ணீர்ப் பஞ்சம் தீரும் என்று நம்பிய ஊர்களிலேயே குழந்தைகளின் பற்கள் காவி ஏறின.

இந்தியத் தர நிர்ணயப்படி (ஐ.எஸ். 10500) குடிநீரில் புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் மட்டும் 1.5 மில்லிகிராம் வரை அனுமதி உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் 1.5தான். ஆனால் வெயிலில் காட்டுவேலை செய்யும் ஊரில் ஆளுக்கு ஆள் குடிக்கும் தண்ணீர் அதிகம். லிட்டருக்கு 1 மில்லிகிராம் உள்ள நீர் குளிர்நாட்டுக்காரர் உடலில் சேர்க்கும் புளோரைடு வேறு, இம்மாவட்டத்துப் பென்னாகரத்துக்காரர் உடலில் சேர்க்கும் புளோரைடு வேறு.

எனாமலுக்கு என்ன நேர்கிறது

எனாமல் முதலில் புரதமும் கனிமமும் கலந்த மென்மையான பொருளாகவே உருவாகிறது. பிறகு புரதம் அகற்றப்பட்டு, அந்த இடத்தில் கனிமம் நிறைந்து கெட்டிப்படுகிறது. புளோரைடு மிகுந்தால் இந்தப் புரதம் அகலுவது தாமதமாகும். மேற்பரப்புக்கு அடியில் நுண்துளைகள் நிறைந்த எனாமல் மிஞ்சும். அதனால்தான் பல் சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கி வெளுக்கிறது. காவி நிறம் முதலிலேயே இருப்பதில்லை. பல் முளைத்த பின் உணவிலும் நீரிலும் உள்ள நிறப்பொருள்கள் அந்த நுண்துளைகளில் ஏறுவதால் வருகிறது. கடுமையான நிலையில் எனாமல் உதிர்ந்து குழிகள் விழும்.

பிறந்தது முதல் ஏறக்குறைய 8 வயது வரை இந்த ஆபத்து உண்டு. மேல்தாடை நடு வெட்டுப்பற்களுக்கு 15 மாதம் முதல் 30 மாதம் வரையிலான காலம் மிக முக்கியம். முன்கடைவாய்ப் பற்களும் இரண்டாம் கடைவாய்ப் பற்களும் தாமதமாக உருவாகின்றன. எனவே எந்தப் பல்லில் கறை, எதில் இல்லை என்று பார்த்தாலே, அந்தக் குழந்தை எந்த வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்தது என்று ஓரளவு கணிக்கலாம். 9 வயதுக்குப் பிறகு ஊருக்குக் குடிவந்த பிள்ளைக்கு, அடுத்த வீட்டுப் பிள்ளையின் கறை வராது. பால் பற்களில் பாதிப்பு பொதுவாகக் குறைவு. ஆகவே ஐந்து வயதுப் பிள்ளையின் வெள்ளைப் பற்களைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

கண்டறிதல்

இதற்குப் பெரிய கருவி வேண்டியதில்லை. நல்ல வெளிச்சமும், பல்லைத் துடைத்து உலர்த்தப் பஞ்சும், பொறுமையும் போதும். ஈரமான பல்லில் மறைந்திருக்கும் வெண்கோடுகள் உலர்ந்ததும் தெளிவாகத் தெரியும். புளோரோசிஸின் முதல் அடையாளம் சமச்சீர்: இடப்பக்கப் பல்லுக்கு உள்ளது வலப்பக்க இணைப்பல்லுக்கும் இருக்கும். இரண்டாவது, பல்லின் குறுக்கே கிடையாக ஓடும், ஓரம் தெளிவில்லாத மெல்லிய வெண்கோடுகள்.

கறை கண்ட பல் எல்லாம் புளோரோசிஸ் அல்ல. சொத்தையின் தொடக்கமான வெண்புள்ளி ஈறோரத்தில், அழுக்குப் படியும் இடத்தில் இருக்கும். ஒரே ஒரு பல் மட்டும் மஞ்சளித்துக் குழி விழுந்திருந்தால், அதற்கு முந்தைய பால் பல்லில் சீழ் வைத்ததோ அடிபட்டதோ காரணமாக இருக்கலாம். டெட்ராசைக்ளின் மருந்தால் வரும் கறை சாம்பல் அல்லது பழுப்புப் பட்டையாக, பல்லின் உள்ளிருந்து தெரியும். புற ஊதா ஒளியில் ஒளிரும். குடும்பத்தில் பலருக்குப் பால் பல் முதலே எனாமல் மெலிந்திருந்தால் அது பரம்பரைக் குறைபாடு. புகையிலை, வெற்றிலைக் கறை மேலே படிந்தது. சுத்தம் செய்தால் போய்விடும். இதையெல்லாம் வகைப்படுத்தாமல் எல்லாவற்றுக்கும் ஊர்த் தண்ணீரைப் பழி சொல்வது தருமபுரியில் பழகிப்போன தவறு. அதனால் குணப்படுத்தக்கூடிய சொத்தை பல குழந்தைகளுக்கு முற்றிவிடுகிறது.

கடுமையை அளக்க அமெரிக்கப் பல் மருத்துவர் ஹென்றி டிரெண்ட்லி டீன் 1934இல் வகுத்து 1942இல் திருத்திய அளவுகோலே இன்னும் பயனில் உள்ளது. பல்பரப்பில் 25 சதவீதத்துக்கும் குறைவாக வெளுத்திருந்தால் மிக லேசானது, 50 சதவீதத்துக்குள் லேசானது, முழுப்பரப்பும் பாதித்துத் தேய்மானம் தெரிந்தால் மிதமானது, குழிகள் விழுந்தால் கடுமையானது. இன்னும் நுணுக்கமாகப் பார்க்க 1978இல் வந்த தில்ஸ்ட்ரப்–ஃபெயர்ஸ்கோவ் குறியீட்டைப் பயன்படுத்துவர்.

காவிப் பல்லோடு வரும் பெரியவரை வாயோடு நிறுத்தி அனுப்பிவிடக் கூடாது. எலும்பையும் புளோரைடு தாக்கும். முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொட முடிகிறதா, மோவாயை மார்பில் படியவைக்க முடிகிறதா, கைகளை விரித்து மடக்கிப் பின்தலையைத் தொட முடிகிறதா என்ற மூன்று சோதனைகளுக்கு ஒரு நிமிடம் போதும். முடியவில்லை என்றால் முன்கையின் எக்ஸ்ரேயும் சிறுநீர்ப் புளோரைடு அளவும் தேவை.

சிகிச்சை

உருவாகி முடிந்த எனாமலை மாத்திரையோ பற்பசையோ மாற்றாது. செய்யக்கூடியது தோற்றத்தைச் சீராக்குவதும் பல்லைக் காப்பதும்தான். அதைச் சிறிய காரியமாக எண்ணக் கூடாது. வாயைக் கையால் மூடிச் சிரிக்கும் பழக்கமும், பெண் பார்க்கும் வேளையில் வரும் தயக்கமும் இந்நோயின் உண்மையான சுமைகள். அழகுக்கான சிகிச்சை என்று இதை ஒதுக்குவது நியாயமல்ல.

லேசான கறைக்கு அமிலமும் நுரைக்கல் தூளும் கலந்த பசையால் மேற்பரப்பை மிகமிக மெல்லியதாகத் தேய்க்கும் முறை பயன்படும். பெராக்சைடு கொண்டு வெளுக்கச் செய்வது காவியைக் குறைக்கும். ஆனால் வெண்திட்டு அப்படியே நிற்கும், சிலருக்குச் சில நாள் பல்கூச்சமும் இருக்கும். நுண்துளைகளுக்குள் திரவ ரெசினை ஊறச்செய்து திட்டை மங்கவைப்பது புதிய முறை. குழி விழுந்த பல்லுக்குப் பல்நிறக் காம்போசிட் பூச்சு, அதற்கும் மேலே பீங்கான் மேலுறை அல்லது முழு உறை. இங்கே ஒரு தொழில்நுணுக்கம் உண்டு. புளோரைடு ஏறிய எனாமல் அமிலத்துக்கு எளிதில் இளகாது; ஆகவே பூச்சு ஒட்டுவதற்குமுன் அமிலம் வைக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும். அதைக் கவனியாமல் ஒட்டிய பூச்சு சில மாதங்களில் பெயர்ந்து விழும். வளரும் பிள்ளைக்குப் பல்லைச் செதுக்கி உறை போடுவதை 18 வயதுவரையாவது தள்ளிப்போடுவது நல்லது.

சாம்பல், செங்கல்தூள், உப்பு போட்டுத் தேய்த்தால் காவி போகும் என்று நம்புவோர் இன்னும் உண்டு. கறை உள்ளே இருப்பதால் அது போகாது, எனாமல்தான் தேயும்.

வீட்டில் தெரிந்திருக்க வேண்டியது

தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் செறிவு சற்றுக் கூடும். வடிகட்டும் சாதாரணக் குழாய்ப் பில்டரும் பயன்படாது. எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் இயங்கும் ஆர்.ஓ. கருவி நீக்கும். நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறையில் படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளியவைப்பார்கள். கூரையில் விழும் மழைநீரில் புளோரைடு அநேகமாக இல்லை. தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. இம்மாவட்டத்தில் அதைக் குடிநீராகவும் எண்ணியிருக்க வேண்டும்.

சிறு பிள்ளைகள் பற்பசையை விழுங்குவதைக் கவனிக்க வேண்டும். மூன்று வயதுக்குள் அரிசியளவும், அதற்கு மேல் பட்டாணியளவும் போதும். பாலும் கேழ்வரகும் தரும் கால்சியம் புளோரைடு உறிஞ்சப்படுவதைக் குறைக்க உதவும். புளி சேர்ந்த உணவு உண்ட சிறுவர்களுக்குச் சிறுநீர் வழியே புளோரைடு அதிகமாக வெளியேறியதை ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வு காட்டியிருக்கிறது. ஆனால் நல்ல தண்ணீருக்கு இவை மாற்றாகா.

வரலாறு

அமெரிக்காவின் கொலராடோவில் 1901இல் பிரெடரிக் மெக்கே என்ற பல் மருத்துவர் ஊர்க்காரர்களின் பல்லில் பழுப்புக் கறையைக் கண்டார். 1931இல் அலுமினிய நிறுவன வேதியியலாளர் சர்ச்சில் அதன் காரணம் புளோரைடு என்று உறுதிசெய்தார். இந்தியாவில் இந்நோயை முதலில் பதிவுசெய்தவர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகியோர். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டம் பற்றி 1937இல் அவர்கள் எழுதினர். 1945இல் அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் சொத்தையைத் தடுக்கக் குடிநீரில் புளோரைடு சேர்க்கத் தொடங்கியது. அந்த அனுபவத்தில் பிறந்த பாடப்புத்தக அறிவுரைகள் நீரில் ஏற்கெனவே புளோரைடு மிகுந்த நம் ஊருக்கு அப்படியே பொருந்தா.

2008–09இல் மத்திய அரசு தொடங்கிய தேசியப் புளோரோசிஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுத் திட்டத்தில் தருமபுரியும் சேர்க்கப்பட்டது. பெரிய மாற்றம் காவிரியிலிருந்து வந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் புளோரோசிஸ் பாதிப்பு குறைப்புத் திட்டத்துக்கு 2008 பிப்ரவரி 26 அன்று முதலமைச்சர் மு. கருணாநிதி அடிக்கல் நாட்டினார். ஜப்பானிய நிதியுதவியுடன் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் ரூ.1,928.80 கோடியில் நிறைவேற்றிய அத்திட்டத்தை 2013 மே 29 அன்று முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா தொடங்கிவைத்தார். தருமபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களின் நகரங்களுக்கும் பேரூராட்சிகளுக்கும் ஆயிரக்கணக்கான குக்கிராமங்களுக்கும் ஆற்றுநீரைக் கொண்டுசேர்ப்பது அதன் நோக்கம். ஒரு நோயின் பெயரையே குடிநீர்த் திட்டத்தின் பெயராக வைத்தது, வாய்நோயை நீர்வழி தடுக்கும் எண்ணத்துக்குத் தெளிவான சாட்சி.

குழாய் ஊருக்கு வந்தது மட்டும் போதாது. முறைவைத்து வரும் ஆற்றுநீர் வராத நாளில் மக்கள் பழைய கைப்பம்புக்கும் போர்வெல்லுக்கும் திரும்பினால் குழந்தையின் பல்லுக்குப் பாதுகாப்பு பாதிதான்.

விளைவை அளப்பதற்கு வழி இருக்கிறது. 2013க்குப் பிறகான முதல் சில ஆண்டுகளில் பிறந்த குழந்தைகளுக்கு இப்போது நிரந்தர முன்பற்கள் முளைத்துவிட்டன. டீன் அளவுகோலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் மதிப்பெண் இட்டுச் சராசரி எடுத்தால் சமூகப் புளோரோசிஸ் குறியீடு கிடைக்கும். அது 0.4க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 0.6ஐத் தாண்டினால் பொதுச் சுகாதாரப் பிரச்சினை. பள்ளி பள்ளியாக, ஊர்க் குழாய்நீரின் அளவோடு சேர்த்து அந்தக் கணக்கு எடுக்கப்பட வேண்டும்.