குடிக்கூலி வீடும் செப்பனிடும் கடமையும்

ஒருவர் கட்டிய வீட்டில் மற்றொருவர் கூலி கொடுத்து வாழ்வது நகர வாழ்க்கையின் இயல்பு. அக்கூலியைக் 'குடிக்கூலி' எனத் தமிழர் வழங்கினர். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் இச்சொல்லுக்கு வீட்டு வாடகை என்றே பொருள் தரும். கூலி என்பது நுகர்வுக்கு ஈடாகத் தரப்படுவது. நுகர்ந்த பொருள் தேயுமாயின் அத்தேய்வை நிரப்புவார் யார்? கூரை ஒழுகினால் ஓடு மாற்ற வேண்டியவர் வீட்டுரிமையாளரா, குடியிருப்பவரா? இவ்வினாவிற்குத் தமிழகத்தில் நிலவிய சட்டங்கள் 1882 முதல் அளித்த விடைகளை ஈண்டு வரலாற்று முறையில் ஆராய்வோம்.

முதற்கண் நோக்கத்தக்கது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 108ஆம் பிரிவு, குத்தகைக்கு விடுவோர், எடுப்போர் ஆகிய இருவர்தம் உரிமை கடமைகளையும் வகுத்துரைக்கின்றது. சொத்தைத் தாம் பெற்ற நிலையிலேயே காத்து, அந்நிலையிலேயே திருப்பித் தருதல் குத்தகை எடுத்தவர் கடமை. இயல்பான தேய்வும், தடுத்தற்கரிய ஆற்றலால் நேர்ந்த மாறுதலும் இதற்கு விலக்கு. உரிமையாளர் தாம் செய்யக் கடமைப்பட்ட பழுதுபார்ப்பை அறிவிப்புப் பெற்றபின்னும் செய்யாது விடின், குடியிருப்பவர் தாமே அதனைச் செய்து, செலவை வட்டியோடு வாடகையிற் கழித்துக் கொள்ளலாம். ஆனால், உரிமையாளர் செய்யக் கடமைப்பட்டவை எவை என்று அப்பிரிவு எண்ணிக் கூறவில்லை. ஒப்பந்தமோ ஊர் வழக்கோ மாறாக இல்லாதவிடத்தே தன் விதிகள் செல்லும் என்று கூறி, அது வழக்கிற்கும் இடமளித்தது.

வழக்கு வலிமையுடையதாய் இருந்தமைக்குக் காரணம் உண்டு. நாட்டோடு வேய்ந்த வீடுகளுக்கு மழைக்கு முன் ஓடு மாற்றுதல் வேண்டும்; சுண்ணாம்புச் சாந்தால் ஆகிய தளம் வெடித்தால் உடனே அடைத்தல் வேண்டும்; சுவர்களுக்கு வெள்ளையடித்தலும், கிணற்றிற்குத் தூர் எடுத்தலும் காலந்தோறும் வருவன. இவை எதிர்பாராத பழுதுகள் அல்ல. கட்டட முறையோடு உடன்பிறந்த பணிகள். ஆதலின், வாடகை பேசும்போதே இவற்றையும் பேசி முடித்தல் இயலும். வாடகையை ஏற்றவும் குறைக்கவும் இருவர்க்கும் உரிமை இருந்தவரை இச்செலவு அதனுள் அடங்கிற்று.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்நிலை மாறிற்று. நகரங்களில் வீடு கிடைத்தல் அரிதாக, 1941இல் சென்னை வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. 1946, 1949, 1960 ஆகிய ஆண்டுகளில் சட்டங்கள் தொடர்ந்தன. வாடகை மிகாமலும், குடியிருப்பவர் காரணமின்றி வெளியேற்றப்படாமலும் காத்தலே இவற்றின் நோக்கம். 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உரிமையாளர் வேண்டிய பழுதுகளைப் பார்க்கத் தவறின், குடியிருப்பவர் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் முறையிட்டு, அவர் இசைவு பெற்றுத் தாமே செப்பனிட்டு, செலவை வாடகையிற் கழிக்கலாம். வழக்கு நின்ற இடத்தில் அதிகாரியின் ஆணை நின்றது.

எனினும், அச்சட்டத்தினுள்ளேயே ஒரு முரண் இருந்தது. நியாய வாடகையைக் கணக்கிடுங்கால், மனையின் மதிப்போடு கட்டடச் செலவையும் கொண்டு, கட்டடத்தின் அகவைக்கேற்பத் தேய்மானம் கழிப்பர். வீடு முதுமையடையுந்தோறும் கட்டடத்தின் பொருட்டு வரும் வாடகைப் பங்கு குறையும். செப்பனிடுஞ் செலவோ மிகும். அன்றியும், பழுதுபார்த்தற்கும் இடித்துக் கட்டுதற்கும் வீட்டைக் காலிசெய்யுமாறு கோர 14ஆம் பிரிவு உரிமையாளர்க்கு வழி தந்தது. ஆகவே, சுவர் விரிசலைச் சுட்டி முறையிடுவார், தம் வெளியேற்றத்திற்கே காரணம் காட்டிக் கொடுப்பாராய் முடியவுங் கூடும். உரிமையாளர் செலவிடத் தயங்க, குடியிருப்பவர் வாய் திறக்க அஞ்ச, இடையில் நலிவது வீடே எனலாம்.

இம்முரண் முற்றிய நிலையைப் பம்பாய் நகர வரலாறு விளக்கும். அங்கு 1947ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், 1940 செப்டம்பர் முதல் நாளன்று இருந்த வாடகையையே பழைய வீடுகளுக்கு அளவாக நிறுத்திற்று. வீட்டைக் குடியிருத்தற்குரிய நிலையில் வைத்திருக்கும் கடமையை உரிமையாளர்மீது வெளிப்படையாகவே சுமத்திற்று. கடமை ஏட்டில் இருந்தது. அதனை நிறைவேற்றப் போதிய வருவாய் வாடகையில் இல்லை. பழைய கட்டடங்கள் சரியலாயின. 1969இல் அரசே தனிச்சட்டம் இயற்றி, அக்கட்டடங்கள்மீது ஒரு தீர்வை விதித்து, வாரியம் ஒன்றின் வாயிலாகச் செப்பனிடும் பொறுப்பை ஏற்க நேர்ந்தது. வாடகையை இங்ஙனம் உறைய வைத்தல் காலப்போக்கில் நியாயமற்றதாயிற்று என்று 1997இல் உச்சநீதிமன்றம் கருதிற்று.

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கி, 2017இல் இயற்றப்பட்ட புதுச்சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. இது வாடகையை இருவர்தம் ஒப்பந்தத்திற்கே விட்டு, அவ்வொப்பந்தம் எழுத்தில் அமைதல் வேண்டும் என்கின்றது; பழுதுகளையும் பட்டியலிட்டுப் பகுக்கின்றது. கட்டமைப்புப் பழுது, வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், நீர்க்குழாய் மாற்றுதல், மின்கம்பி அமைப்பு ஆகியன உரிமையாளர்பால் நிற்கும். குழாய்த் திருகு, கழிவுநீர்க் கால்வாய் தூய்மை, மின்விசைப் பொத்தான், பூட்டு, சன்னற் கண்ணாடி முதலியன குடியிருப்பவர்பால் நிற்கும். 1882ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லாது விட்டதை இப்பட்டியல் சொல்லி நிரப்பிற்று.

இதுகாறும் கூறியவற்றால் ஓர் உண்மை புலனாகும். செப்பனிடும் கடமையை யார்மீது சுமத்துவது என்பது வினாவின் ஒரு பாதியே. அதற்கான பொருள் எங்கிருந்து வரும் என்பது மறுபாதி. பம்பாயில் முதற்பாதிக்கு விடை இருந்தும் மறுபாதிக்கு இல்லாமையால் வீடுகள் வீழ்ந்தன. வாடகை உயரத் தடையில்லாத இன்றோ, அதனைக் கொடுக்க இயலாதவர் நிலை என்னாம் என்னும் வினா எழுகின்றது. எழுத்து ஆவணமின்றி வாய்ச்சொல்லால் குடிபுகும் எளியோர்க்கு எப்பட்டியலும் எட்டாக்கனியே. அவர்தம் கூரை ஒழுகுங்கால் யாரை அணுகுவர் என்பதை ஆராயாதவரை, குடிக்கூலியின் வரலாறு முற்றுப்பெற்றதாகக் கொள்ளல் இயலாது.