மடல் தொலையாத கதை

கரண்ட் போய் மெயில் சர்வர் நின்றுவிட்டால் வரவேண்டிய மடல் தொலைந்துவிடுமா? திருவண்ணாமலையில் மின்வெட்டுக்குப் பழகிய எனக்கு எழுந்த கேள்வி இது.

1986-ல் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் 'எம்எக்ஸ்' முறையை வகுத்தார். ஒரு முகவரிக்குப் பல சர்வர்கள். சிறிய எண் உள்ளது பதில் தராவிட்டால் அடுத்தது. (சென்னை ஐஐடியும் சேர்ந்த எர்நெட் திட்டம் தொடங்கியதும் அதே ஆண்டுதான்.) எதுவுமே பதில் தராவிட்டாலும் அனுப்பும் சர்வர் 4, 5 நாளாவது முயலவேண்டும் என்றது 1989 விதி.

புது மடல் பிழைத்தது. ஏற்கெனவே வந்தவை? நின்றுபோன வட்டிலேயே கிடந்தன. அதற்குத்தான் கிளஸ்டர்: வட்டின் நகல் இரண்டு சர்வரிலும் இருக்கும். 1990களின் இறுதியில் வந்த லினக்ஸின் 'ஹார்ட்பீட்' மூலம், ஒன்றின் துடிப்பு நின்றால் மற்றது பொறுப்பேற்கும்.

ஆனால் இடையிலுள்ள கேபிள் மட்டும் அறுந்தால், இரண்டுமே பொறுப்பேற்று மடல்களைக் குழப்பிவிடும். எனவே முதலில் மற்றதன் மின்சாரத்தைத் துண்டிக்கவேண்டும். கரண்ட் போனாலும் மடலைக் காக்க, நாமே கரண்டை நிறுத்தவேண்டியிருக்கிறது!