எருசலேமில் ஒரு ஞானோபதேச வகுப்பு

ஞானஸ்நானம் கேட்டு வருபவரிடம் "செபங்கள் தெரியுமா?" என்றுதான் நானும் பல ஆண்டுகளாகக் கேட்டு வந்தேன். நான்காம் நூற்றாண்டு எருசலேமில் கேள்வியே வேறு.

ஏறத்தாழ 381–384இல் அங்கே திருயாத்திரை சென்ற எஜேரியா என்னும் பெண்மணி, தாம் கண்டதை எழுதி வைத்திருக்கிறார். தவக்காலத் தொடக்கத்தில் ஆயர் அமர்ந்திருக்க, பெயர் கொடுத்தவர்களுள் ஆண்கள் ஞானத் தந்தையோடும் பெண்கள் ஞானத் தாயோடும் ஒவ்வொருவராய் வருவார்கள். ஆயர் அயலாரை விசாரிப்பார்: இவர் நல்லொழுக்கம் உள்ளவரா? பெற்றோருக்குக் கீழ்ப்படிகிறவரா? குடிகாரரா, பொய்யரா? குறை கண்டால், திருந்தி வரும்படி அனுப்பிவிடுவார். சாட்சி சொல்ல ஆளில்லாத வெளியூராருக்கு ஞானஸ்நானம் எளிதில் கிட்டாது.

பின் நாற்பது நாள், தினமும் மூன்று மணி நேரப் பாடம். ஆதியாகமம் தொடங்கி வேதாகமம் முழுவதும். ஞானப் பெற்றோரும் கூடவே அமர்ந்து கேட்பார்கள். (நம் ஞானப் பெற்றோர் கவனிக்க!) ஐந்து வாரம் கழிந்த பின்தான் விசுவாசப் பிரமாணமே கற்பிக்கப்பட்டது. தேவதிரவிய அனுமானங்களின் உட்பொருளோ, ஞானஸ்நானம் பெற்ற பிறகு பாஸ்கா வாரத்தில். அப்போது எழுந்த ஆரவாரம் கோவிலுக்கு வெளியேயும் கேட்டதாம்.

குழந்தை ஞானஸ்நானம் பெருகப் பெருக இம்முறை தேய்ந்தது. 1963இல் வத்திக்கான் சங்கம் அதை மீட்கப் பணித்தது. 1972இல் புதிய சடங்குமுறை வெளிவந்தது.

வரும் தவக்காலத்தில் நம் கோவிலில் பெயர் கொடுப்போரைப் பற்றி, அயலாராகிய உங்களிடம்தான் விசாரிக்கப் போகிறேன்.