எதிரியை உற்பத்தி செய்தல்: அமெரிக்க சதர்ன் கமாண்ட் குறித்துச் சில குறிப்புகள்

இலத்தீன் அமெரிக்கா நமக்கு நாவல்களின் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. மார்க்வெஸையும் லோசாவையும் முன்வைத்து ‘மாய யதார்த்தம்’ பற்றிச் சிறுபத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதியாயிற்று. அந்தக் கதைகளில் வரும் ஜெனரல்கள் நமக்குப் பழக்கமானவர்கள். ஆனால் நிஜ ஜெனரல்கள் எங்கே படித்தார்கள், அவர்களுக்கு யார் பாடம் எடுத்தார்கள் என்கிற கேள்வி இலக்கிய விவாதத்துக்குள் அதிகம் வருவதில்லை. அதைத் தேடிப் போனால் வந்து சேருமிடம் அமெரிக்க இராணுவத்தின் சதர்ன் கமாண்ட். புனேயில் இருக்கிற நம்மூர் சதர்ன் கமாண்ட் அல்ல இது. மெக்ஸிகோவுக்குத் தெற்கே கரீபியன், மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா அனைத்தையும் தன் பொறுப்பு எல்லையாக அறிவித்துக்கொண்ட கட்டளையகம். பூமி முழுவதையும் வட்டாரங்களாகப் பங்கு பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தளபதியை உட்கார வைத்திருக்கிற அரசு உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

‘மிஷன்’ என்றால் நம் ஊர்களில் ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம். இராணுவ அகராதியில் ஒரு படை எதற்காக இருக்கிறதோ அந்தக் காரியத்துக்கு அந்தப் பெயர். முதலில் ஆபத்து வருகிறது, அதைத் தடுக்க ஒரு ‘மிஷன்’ தீர்மானிக்கப்படுகிறது, அதற்காகப் படை திரட்டப்படுகிறது என்றுதான் பொதுப்புத்தி நினைக்கும். சதர்ன் கமாண்டின் வரலாறு இதைத் தலைகீழாகக் காட்டுகிறது. படை முதலில் இருக்கிறது. பிறகு அதற்கு ஒரு ‘மிஷன்’ தேவைப்படுகிறது. எதிரி கடைசியில்தான் வருகிறான். இதுதான் நான் இங்கே சொல்ல விரும்புவது.

தொடக்கம் ஒரு கால்வாய். 1903இல் கொலம்பியாவிலிருந்து பனாமா பிரிந்தபோது ‘நாஷ்வில்’ என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் கோலோன் துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தது. அதே ஆண்டு எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் பனாமா சார்பில் கையெழுத்துப் போட்டவர் புனோ-வாரில்லா என்னும் பிரெஞ்சுக்காரர். பனாமியர் ஒருவர்கூடக் கையெழுத்திடாத அந்தக் காகிதம் நாட்டின் நடுவே 10 மைல் அகலத் துண்டை ‘நிரந்தரமாக’ அமெரிக்காவுக்குத் தந்தது. கால்வாய் 1914இல் திறக்கப்பட்டது; 1917இல் அதைக் காவல் காக்கத் தனி இராணுவப் பிரிவு உருவானது. அந்த ‘மண்டலத்தில்’ வெள்ளை அமெரிக்கருக்குத் தங்கக் காசில் சம்பளம், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த கறுப்பின உழைப்பாளிகளுக்கு வெள்ளிக் காசில். குடிதண்ணீர்க் குழாயும் தனித்தனி. இரட்டைக் குவளை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாதுகாக்கப்பட்டது வெறும் நீர்வழி அல்ல, இந்த ஒழுங்கும்தான்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், அது கரீபியன் பாதுகாப்புக் கட்டளையகமாக விரிந்தது. எதிரி ஜெர்மனி, ஜப்பான். பீரங்கிகள் கடலைப் பார்த்து நின்றன. பனாமாவில் 60,000க்கும் மேற்பட்ட துருப்புகள். மண்டலத்துக்கு வெளியேயும் நூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் தளங்கள். சரி, போர் முடிஞ்சாச்சு, எதிரி போயாச்சு, படை கிளம்பிச்சா? இல்லை. தளங்களைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள 1947 டிசம்பரில் ஓர் ஒப்பந்தம் போடப்பட்டது. மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். பனாமாவின் சட்டமன்றம் அந்த ஒப்பந்தத்தை ஒருமனதாக நிராகரித்தது. 1948இல் படைகள் மண்டலத்துக்குள் பின்வாங்கின. கட்டளையகம் வேறு பெயரோடு (கரீபியன் கமாண்ட்) தங்கிவிட்டது. 1946இலேயே அங்கே ஒரு பள்ளிக்கூடமும் தொடங்கியிருந்தது.

உண்மையான திருப்பம் 1959 கியூபப் புரட்சிக்குப் பிறகு வருகிறது. சோவியத் கப்பல்கள் வந்து இறங்கப் போவதில்லை. ஆபத்து ஒவ்வொரு நாட்டின் உள்ளேயும் இருக்கிறது என்று கென்னடியின் அரசாங்கம் முடிவு செய்தது. இலத்தீன் அமெரிக்கப் படைகளுக்கான உதவியின் நோக்கம் ‘கண்டப் பாதுகாப்பு’ என்பதிலிருந்து ‘உள்நாட்டுப் பாதுகாப்பு’ என்று மாற்றப்பட்டது. 1963 ஜூனில் கரீபியன் கமாண்ட், சதர்ன் கமாண்ட் ஆனது. அதே ஆண்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ‘ஸ்கூல் ஆஃப் தி அமெரிக்காஸ்’ என்று பெயர் வந்தது. கடலைப் பார்த்த துப்பாக்கி கிராமத்தைப் பார்த்துத் திரும்பியது. தொழிற்சங்கக்காரர், வாத்தியார், மாணவர், பைபிள் வகுப்பு நடத்துகிற உபதேசியார் எல்லாரும் ‘உள்நாட்டு எதிரி’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடைக்கப்பட்டார்கள். இன்னொரு பக்கம் அதே படைகள் சாலை போட்டன, கிணறு தோண்டின, மருத்துவ முகாம் நடத்தின. ஊசி போடுகிற கையும் பெயர்ப் பட்டியல் எடுக்கிற கையும் ஒரே திட்டத்தின் இரண்டு கைகள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்கர்கள் வந்து கெடுப்பதற்கு முன்னால் அந்த இராணுவங்கள் அப்பாவிகளாக இருந்தன என்பதல்ல என் வாதம். 1932இல் எல் சால்வடோரில் ஆயிரக்கணக்கான விவசாயிகளை, பெரும்பாலும் பழங்குடியினரை, கொன்று குவிக்க எந்தப் பள்ளிக்கூடமும் தேவைப்படவில்லை. பனாமா கால்வாயை மீட்டுத் தந்த டோரிஹோஸும் இதே பள்ளியில் படித்தவர்தான். கொல்லக் கற்றுக் கொடுத்தார்கள் என்பதைவிட, கொலைக்கு ஒரு பொதுமொழியையும் இலக்கணத்தையும் வலைப்பின்னலையும் தந்தார்கள் என்பதே முக்கியம். அர்ஜென்டினாவின் கால்டியேரி, பொலிவியாவின் பான்ஸர், எல் சால்வடோரின் தாபிஸோன், பனாமாவின் நொரியேகா எல்லாருக்கும் பொதுவான வகுப்பறை அது. 1967இல் சே குவேராவைப் பிடித்த பொலிவிய ரேஞ்சர் படைக்குப் பயிற்சி தரப் போன அமெரிக்கக் குழு பனாமாவிலிருந்து சென்றது. 1989 நவம்பரில் சான் சால்வடோரில் ஆறு சேசு சபைப் பாதிரியார்கள், அவர்கள் வீட்டுச் சமையற்கார அம்மா, அவருடைய மகள் ஆகியோர் கொல்லப்பட்டனர். 1993இல் வெளிவந்த ஐ.நா. உண்மை ஆணையத்தின் அறிக்கை இந்தக் கொலையில் தொடர்புபடுத்திய 26 பேரில் 19 பேர் அந்தப் பள்ளியின் மாணவர்கள். 1996இல் பென்டகனே வெளியிட்ட பயிற்சிக் கையேடுகளில் அடித்தல், பொய்க் காவல், கொலை எல்லாம் வழிமுறைகளாகவே இடம்பெற்றிருந்தன. 2001இல் பள்ளியின் பெயர் மாற்றப்பட்டது. பெயர் மாற்றுவது இவர்களுக்குக் கைவந்த கலை.

1989இல் பெர்லின் சுவர் இடிகிறது. கம்யூனிஸ எதிரி கரைந்துகொண்டிருக்கிறான். அதற்கு முந்தின ஆண்டுதான் அமெரிக்கக் காங்கிரஸ் வான்வழி, கடல்வழிப் போதைப்பொருள் கடத்தலைக் கண்காணிக்கும் முதன்மைப் பொறுப்பை இராணுவத்திடம் ஒப்படைத்திருந்தது. காலியான நாற்காலி ரொம்ப நாள் காலியாக இருக்கவில்லை. 1989 டிசம்பர் 20 அன்று 20,000க்கும் மேற்பட்ட அமெரிக்கத் துருப்புகள் பனாமாவைத் தாக்கின. இலக்கு நொரியேகா. பழைய மாணவர், சி.ஐ.ஏ.விடம் சம்பளம் வாங்கியவர், இப்போது கடத்தல்காரர். தாக்குதலுக்கு வைத்த பெயர் ‘நியாயமான காரணம்’. நொரியேகாவின் இராணுவத் தலைமையகம் இருந்த எல் சொரியோ குடியிருப்பு தீப்பிடித்து அழிந்தது. அந்தக் குடியிருப்பு எங்கே இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். சதர்ன் கமாண்டின் தலைமையகமான குவாரி ஹைட்ஸ் ஆன்கோன் குன்றின் மேலே. எல் சொரியோ அதே குன்றின் அடிவாரத்தில். எரிந்த மரவீடுகளில் பல கால்வாய்த் தொழிலாளிகளுக்காக அந்தக் காலத்தில் கட்டப்பட்டவை. வெள்ளிக் காசு வாங்கினவர்களின் வாரிசுகள்மேல்தான் குண்டு விழுந்தது. பொதுமக்களில் இறந்தவர்கள் 202 பேர் என்றது அமெரிக்க இராணுவம். அதைவிட அதிகம் என்றன மனித உரிமை அமைப்புகள். 2020இல்கூடப் புதைகுழிகளைத் தோண்டி அடையாளம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

1977 ஒப்பந்தப்படி 1999 டிசம்பர் 31க்குள் வெளியேற வேண்டும். போதைத் தடுப்பு மையம் என்கிற பெயரில் தங்கிவிட நடந்த பேச்சுவார்த்தை 1998இல் முறிந்தது. தலைமையகம் 1997இலேயே மயாமிக்குப் போயிருந்தது. பனாமாவில் அவர்கள் விட்டுப்போனவற்றில் துப்பாக்கிப் பயிற்சிக் காடுகளில் வெடிக்காமல் கிடந்த குண்டுகளும் அடக்கம். பிறகு ‘மிஷன்கள்’ வரிசையாக வந்தன: 2000இல் 130 கோடி டாலரோடு கொலம்பியத் திட்டம், 2002இல் குவாண்டனாமோ சிறை, 2008இல் மறுபடி உயிர்பெற்ற நான்காவது கடற்படைப் பிரிவு, 2010இல் ஹைட்டி பூகம்ப நிவாரணம், அப்புறம் சீனா. 2025 செப்டம்பரில் கரீபியனில் ஒரு படகைத் தாக்கி 11 பேரைக் கொன்றுவிட்டு அவர்களைப் ‘போதைப் பயங்கரவாதிகள்’ என்றார்கள். இரண்டு பழைய எதிரிகளைச் சேர்த்துத் தைத்த சொல் அது. விசாரணை இல்லை, நீதிமன்றம் இல்லை, சொல்லே தீர்ப்பு. அதே ஆண்டு ஏப்ரலில், அமெரிக்கத் துருப்புகள் பயிற்சிக்காக வந்து தங்கப் பனாமா அரசு ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டது. 1994இல் தன் இராணுவத்தையே அரசியல் சட்டத்தின் மூலம் ஒழித்த நாடு அது.

அப்படியானால் இது முடிவில்லாத கதையா? படையின் ஆவணங்களை மட்டும் படித்தால் அப்படித்தான் தோன்றும். அதில் மாற்றம் எல்லாமே தளபதிகளும் வாஷிங்டனும் செய்தவை. ஆனால் இன்னொரு பட்டியல் இருக்கிறது. 1947இல் ஒப்பந்தத்தைத் தோற்கடித்தவர்கள் தெருவில் நின்ற மாணவர்கள். 1964 ஜனவரி 9 அன்று மண்டலத்திலிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கள் நாட்டுக் கொடியை ஏற்றப் போனவர்களும் மாணவர்கள்தான். அந்தக் கொடி கிழிந்தது. தொடர்ந்த மோதல்களில் 20க்கும் மேற்பட்ட பனாமியர்களும் 4 அமெரிக்கச் சிப்பாய்களும் செத்தார்கள். 1977 ஒப்பந்தத்துக்கான பாதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஈக்குவடாரில் மாண்டா தளம் 1999இல் வந்தது. அந்நியத் தளங்களைத் தடை செய்யும் அரசியல் சட்டத்தை 2008இல் மக்கள் ஏற்றார்கள், 2009இல் தளம் காலியானது. அந்தத் தடையை நீக்கலாமா என்று 2025 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தினார்கள். வேண்டாம் என்று மக்கள் சொல்லிவிட்டார்கள்.

எந்த எதிரியைத் தோற்கடித்ததாலும் இந்தப் படை ஓர் இடத்தைவிட்டுப் போனதில்லை. மக்கள் போகச் சொன்னபோதுதான் போயிருக்கிறது. ஒரு படையின் ‘மிஷன்’ மாறிவிட்டது என்று இனி எந்த அரசு சொன்னாலும், புது எதிரி யார் என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். அந்தப் படை எந்தக் குன்றின்மேல் இருக்கிறது, அடிவாரத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்றும் கேட்போம்.