குறியும் குறியெண்ணும்: ரூபாய்க் குறி உணர்த்தும் எழுத்துரு வரலாறு

எழுத்துருவில் புதிய குறியொன்றை வரைந்து சேர்ப்பதும் அக்குறிக்கு நிலையான குறியெண் வழங்குவதும் வெவ்வேறு செயல்களாகும். முன்னது தோற்றத்தைத் தருகிறது. பின்னது அடையாளத்தைத் தருகிறது. இவ்வேறுபாட்டை இந்திய ரூபாய்க் குறியின் வரலாறு தெளிவாக்குகிறது.

மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் தமிழ் அச்செழுத்து வடிவங்களை ஆராய்ந்த உதயகுமார் உருவாக்கிய குறியை நடுவண் அமைச்சரவை 2010 சூலை 15 அன்று ஏற்றது. சில நாள்களிலேயே அக்குறியைக் கொண்ட எழுத்துரு வெளியாயிற்று. குறியெண் அப்போது வழங்கப்படாமையால், விசைப்பலகையில் அருகியே பயன்படும் மேற்குறியொன்றின் இடத்தில் ரூபாய்க் குறி வைக்கப்பட்டது. அவ்வெழுத்துரு இல்லாத கணினிகளில் தொகைக்கு முன் அம்மேற்குறியே தோன்றியது. கோப்பில் பதிவாகியிருந்ததும் அதுவே. 2010 அக்டோபரில் ஒருங்குறி 6.0 தனிக் குறியெண் வழங்கிய பின்னரே இக்குறை நீங்க வழி பிறந்தது.

தமிழ்க் குறிகளின் நிலையும் இத்தகையதே. நாள், மாதம், வருடம், பற்று, வரவு, ரூபாய் ஆகியவற்றுக்கான மரபுக் குறிகள் 2003இல் ஒருங்குறி 4.0இல் இடம்பெற்றன. முந்திரி, காணி, மா முதலிய பின்னக் குறிகளோ 2019இல் ஒருங்குறி 12.0 வெளிவரும்வரை காத்திருக்க நேர்ந்தது. இடைக்காலத்தில் அவற்றை இட விரும்பியோர் தனி எழுத்துருவையோ படத்தையோ நாட வேண்டியிருந்தது.

முந்திரி 1/320, காணி 1/80. ஒரு குறி பிறழ்ந்தால் ஆவணத்தின் நில அளவு நான்கு மடங்கு மாறிவிடும். ஆதலின் பழைய கணக்குகளை மின்பதிப்பாக்குவோர், முற்காலக் கோப்புகளின் குறிகளை மூலத்தோடு ஒப்பிட்டு உரிய குறியெண்ணுக்கு மாற்றுதல் பதிப்புப் பணியின் இன்றியமையாக் கூறாகும்.