‘வரை’ என்ற ஒரு சொல்: வைஃபை வேகத்தின் கதை

தொழில்நுட்பம் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், நம்ம மாணவர்களில் பலர் “இணையம் மின்னல் வேகத்தில் இயங்குகிறது” என்று தொடங்கிவிடுகிறார்கள். ஆங் மோ கியோவின் பழைய புளோக் ஒன்றில், வரவேற்பறையிலிருந்து கடைசிப் படுக்கையறைக்குப் போவதற்குள் அந்த மின்னல் என்ன ஆகிறது என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

இந்தக் குறை இன்று நேற்று வந்ததல்ல. 1971இல் ஹவாயிப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் குழுவினர் ‘அலோகாநெட்’ என்ற கம்பியில்லாக் கணினி வலையமைப்பை இயக்கினார்கள். வெவ்வேறு தீவுகளில் இருந்த முனையங்கள் ஒரே அலைவரிசையில் தகவல் அனுப்பின. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டும் மோதிக் கெட்டுப்போகும். மறுபடி அனுப்ப வேண்டும். அந்த முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் அதிகபட்சம் 18 விழுக்காடுதான் பயன்படும் என்று கணக்கு சொன்னது. வைஃபை அதைவிடப் புத்திசாலி. முதலில் காதுகொடுத்துக் கேட்கும், அலை காலியாக இருந்தால்தான் பேசும். ஆனால் காத்திருப்பதற்கும், “வந்து சேர்ந்தது” என்று பதில் வாங்குவதற்கும் நேரம் போகுமே! 1999இல் வந்த தரம் வினாடிக்கு 11 மெகாபிட் என்றது. கையில் கிடைத்தது சுமார் 5, 6 தான். 2003இல் 54 என்றார்கள். கிடைத்தது பாதிக்கும் குறைவு.

சிங்கப்பூரில் பொது இடங்களுக்கான ‘வயர்லெஸ்@எஸ்ஜி’ 2006 டிசம்பரில் வந்தது. தொடக்கத்தில் 512 கிலோபிட் வரை. 2010இல் கண்ணாடியிழைச் சேவை வந்தபிறகு ‘1 கிகாபிட்’ என்பது விளம்பர மொழியாகிவிட்டது. அந்த இழை வீட்டுச் சுவர் வரைக்கும்தான். அதற்குப் பிறகு காற்றுவழிதான்.

வீவக ஆங் மோ கியோவைக் கட்டத் தொடங்கியது 1973இல். வைஃபையை யார் நினைத்தார்கள் அப்போது? கான்கிரீட் சுவர் அலையை விழுங்கும். அதோடு, பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று கலக்காத தடங்கள் மூன்றே மூன்று. மேல்வீடு, கீழ்வீடு, தாழ்வாரத்து அண்டை வீடுகள் எல்லாரும் அந்த மூன்றுக்குள்தான் முறை வைத்துப் பேச வேண்டும். புதிய வீடுகளுக்கு வேறு தொல்லை: 1990களின் பிற்பகுதி முதல் கட்டப்படும் வீடுகளில் இருக்கும் ‘பாம் ஷெல்டர்’. அந்தக் கனத்த சுவர்களுக்குள் ரௌட்டரை வைத்துக் கதவையும் சாத்திவிட்டால் கிகாபிட் அறையைவிட்டு வருவதே கஷ்டம்.

2020 ஏப்ரல் 8 அன்று முழுமையான வீட்டிலிருந்தபடி கற்றல் தொடங்கியபோது இதெல்லாம் வகுப்பறைப் பிரச்சினையானது. மூன்று பிள்ளைகள், இரண்டு பெற்றோர், ஒரு ரௌட்டர். திரையில் உறைந்து நின்ற மாணவரைப் பார்த்து, “கவனிக்கவில்லை” என்று நம்மில் சிலர் முடிவுகட்டியது நியாயமில்லை என்பது என் எண்ணம். ஒரு கிகாபிட் கட்டணம் கட்டுகிறோமே என்று பெற்றோர் குழம்பியதும் இயல்புதான்.

விளம்பரத்தில் பொய் இல்லை. ‘1 கிகாபிட் வரை’ என்று சின்ன எழுத்தில் இருக்கும். வழக்கமாகக் கிடைக்கும் வேகத்தையும் நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்று 2012இல் இங்கே விதி வந்தது. இன்னொன்று: விளம்பரம் பேசுவது பிட்டில், பதிவிறக்கத் திரை பெரும்பாலும் காட்டுவது பைட்டில். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். 100 மெகாபிட் என்பது எல்லாம் சரியாக இருந்தாலும் 12.5 மெகாபைட்தான்.

வகுப்பில் இதை நடத்த விரும்புபவர்கள், ஓர் இணைய விளம்பரத்தைக் கொடுத்து, ‘வரை’ என்ற சொல்லை எடுத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பொருள் எப்படி மாறுகிறது என்று மாணவர்களே சொல்வார்கள்.